கெண்டைக்கால் பிடிப்பும் மேக் பாஸும்

தூக்கத்தின் நடுவில் கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடிக்கும் வலி, பட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அது அடிக்கடி வர ஆரம்பித்ததும் ஹோமியோபதி மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். சூடு வைத்தால் இதமாக இருக்கிறதா, அழுத்திப் பிடித்தால் குறைகிறதா, எந்த நேரத்தில் வருகிறது என்று பொறுமையாகக் கேட்டார். சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அடங்கும் இழுப்பு வலிக்கு பயோகெமிக் முறையில் முதலில் எடுப்பது மெக்னீசியம் பாஸ்பேட், சுருக்கமாக மேக் பாஸ். 6எக்ஸ் வீரியத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஜெர்மானிய மருத்துவர் ஷூஸ்லர் 1870களில் வகுத்த முறை இது. உடலுக்கு வேண்டிய 12 தாது உப்புகளில் ஒன்று செல்களில் சமநிலை தவறினால் நோய் வரும், அதே உப்பை மிக நுண்ணிய அளவில் கொடுத்தால் சரியாகும் என்பது அவர் கொள்கை.

மாத்திரைகளைக் கையில் தொடாமல் புட்டியின் மூடியில் கொட்டி, அரை டம்ளர் வெந்நீரில் போடுவேன். தொட்டவுடன் பொடிந்து கரைந்துவிடும். சூடு ஆறுவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். லேசாக இனிக்கும். அது பால் சர்க்கரை. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிடிப்பு குறைந்தது. மருந்தால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றிக் காலை நீட்டி இழுக்கும் பயிற்சியையும் அப்போதுதான் தொடங்கியிருந்தேன். கணக்கையும் பார்க்க வேண்டும். 6எக்ஸ் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 100 மில்லிகிராம் மாத்திரையில் உப்பு 0.0001 மில்லிகிராம்தான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் மெக்னீசியமோ ஏறக்குறைய 300 முதல் 400 மில்லிகிராம். பற்றாக்குறையை இந்த மாத்திரை நிரப்பாது. இந்த உப்புகள் நோயைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்றும் இல்லை.

ஹோமியோபதி மருத்துவர் சொல்லித்தான் ரத்தப் பரிசோதனை செய்தேன். இரும்புச் சத்து குறைவு என்று வந்தது. சரி, அந்த 12 உப்புகளில் இரும்பு உப்பான ஃபெரம் பாஸ் எடுக்கலாமா என்று கேட்டேன். “இந்தக் குறைவுக்கு அது போதாது, பொது மருத்துவரிடம் போங்க” என்றார் பளிச்சென்று. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான். தன் முறையின் எல்லை தெரிந்தவரிடம் தைரியமாக உடம்பைக் காட்டலாம்.

பொது மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரை கொஞ்சம் படுத்தியது. மலம் கறுத்தது, மலச்சிக்கலும் வந்தது. ஆனால் அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏறியிருந்தது. வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் விசாரித்தார். சிறுநீர் அதிகம் போக வைக்கும் சில மருந்துகளாலும் கெண்டைக்கால் இப்படிப் பிடிக்குமாம். அப்புறம் ஒன்றை அழுத்திச் சொன்னார்: ஒரு காலில் மட்டும் வீக்கமும் சிவப்பும் சூடும் சேர்ந்து வந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், வெந்நீர், மாத்திரை என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.