அவங்க கேட்டாங்க, நான் கேட்கலையே

ஒரு பாட்டில் பாடகரின் குரலை இரண்டு டெசிபல் ஏற்றினேன். நடந்தது அவ்வளவுதான். மிக்ஸிங் செய்கிறவர்களுக்கு, அதாவது பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்ப்பவர்களுக்கு, இது தினப்படி வேலை. இருந்தும் அன்றைக்கு அதைப் பாடிய தம்பி சொன்ன பதில் மனதைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

'இன் யூட்டரோ' மாதிரி இருக்கணும்ணா என்று தம்பியின் குழுவினர் முதலிலேயே கேட்டிருந்தார்கள். நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் மூன்றாவது ஆல்பம், 1993. எனக்கும் அது உயிர். மின்னசோட்டாவின் பாக்கிடெர்ம் ஸ்டுடியோவில் ஸ்டீவ் ஆல்பினி பதிவு செய்தது. டிரம்ஸிலிருந்து தள்ளியும் மைக் வைத்து, அறையின் சத்தத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பார். குரல் மேலே மிதக்காது. கிட்டார்களுக்கு நடுவிலிருந்து முட்டிக்கொண்டு வரும். நாங்களும் அப்படித்தான் பதிவு செய்தோம்.

காசு போட்டவர் கேட்டுப் பார்த்தார். "வரியே புரியலையே சார், குரலைக் கொஞ்சம் ஏத்துங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. போன் ஸ்பீக்கரில் போட்டால், ஸ்னேர் டிரம்மின் அடி விழும் இடத்தில் சொல்லின் பின்பாதி காணாமல் போனது. 'இல்லை' என்று பாடியது 'இல்' என்று நின்றது. ஏற்றினேன். கூடவே இன்னொன்றும் மேலே வந்தது: இரண்டாவது சரணத்துக்கு முன்னால் தம்பி மூச்சை இழுக்கும் சத்தம், லேசான விசிலோடு. அதைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது.

"ஆல்பினி இப்படிப் பண்ணியிருப்பாராண்ணா?"

"அவர் பண்ணலை. ஆனா நிர்வாணாவே பண்ணாங்க" என்றேன். பொய் இல்லை. குரலும் பேஸ் கிட்டாரும் அடங்கிக் கிடப்பதாக, அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேனுக்கே பட்டது. வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் செப்பனிடும் மாஸ்டரிங்கில் பாப் லட்விக் கொஞ்சம் சரிசெய்தார். அதுவும் போதாமல், ஸ்காட் லிட்டை வைத்து 'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அப்பாலஜீஸ்' இரண்டையும் மறுபடி மிக்ஸ் செய்தார்கள்.

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். "சரிண்ணா. அவங்க கேட்டாங்க. நான் கேட்கலையே."

குழுவின் மற்ற மூன்று பேருக்கும் ஏற்றியதுதான் பிடித்தது. அந்த மிக்ஸே வெளியானது.

என் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆல்பம் குழுவுடையது, பதிவு செய்கிறவனுடையது இல்லை என்பதுதான் ஆல்பினியின் கொள்கை. ராயல்டி வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல் செய்த வேலைக்குக் கூலி போதும் என்று நிர்வாணாவுக்குக் கடிதமே எழுதியவர். ஒரே தொகையாக 1,00,000 டாலர் வாங்கிக்கொண்டார். குழுவில் மூன்று பேர் ஒன்று சொன்னால் அதைச் செய்வதுதானே அவர் வழி? ஆனால் பாட்டை எழுதியவனும் பாடியவனும் நான்காவது ஆள். அவன் மூச்சு அது. அதில் ஓட்டெடுப்பு நடத்த முடியுமா?

இன்னொன்றும் உறுத்துகிறது. நிர்வாணாவின் கம்பெனிக்கும் அந்த ஒலி பிடிக்கவில்லை என்று அப்போதே பத்திரிகைகளில் வந்தது. அப்படியானால் கோபேன் கேட்டது முழுக்க அவராகவே கேட்டதா, சுற்றி இருந்தவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டதா? இவ்வளவு சிக்கலான ஒன்றை ஒரே வரியில் சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேனோ என்று தோன்றும். உடனே, போனில் 'இல்' என்று நிற்கும் அந்தச் சொல் ஞாபகம் வரும். இன்றைக்கும் ஏற்றத்தான் செய்வேன்.

2013-ல் இருபதாம் ஆண்டுப் பதிப்பில் அந்த இரண்டு பாட்டுக்கும் ஆல்பினி முதலில் செய்த மிக்ஸ் வெளியானது. மாற்றி மாற்றிக் கேட்டேன். 'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்' லிட் செய்ததுதான் என்னை இழுக்கிறது. 'ஆல் அப்பாலஜீஸ்' என்றால் ஆல்பினி. என் காதே ஒரு பக்கம் நிற்கவில்லை.

இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன்னாலேயே, குரல் எவ்வளவு இருக்கணும் என்பதில் யார் சொல்வது கடைசி என்று கேட்டுவிடுகிறேன். "நீங்களே பாத்துக்கங்கண்ணா" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. கேட்டிருந்தால் அந்தத் தம்பியும் அதையேதான் சொல்லியிருப்பான்.