நிற்கிற வண்டியின் கணக்கு

வவுனியா நகரில் வாகனப் புகையை மதிப்பிடும் ஆய்வொன்றில் மூன்று மாதம் களப்பணி செய்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. காலை ஆறரைக்குச் சந்தியடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, மட்டையில் செருகிய படிவம், ஒரு பேனை. ஒரு வாகனம் போனால் ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. பள்ளிக்கூட நேரத்தில் கோடு கிழிக்கக் கை போதாது. கண்டி வீதி, மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி மூன்றும் வந்து சேர்கிற நகரம். யாழ்ப்பாணம் போகும் பஸ், மணல் டிப்பர், இரண்டு பிள்ளைகளை ஏற்றிய ஸ்கூட்டி எல்லாம் அந்தக் கொஞ்ச இடத்துக்குள் நெருக்கியடிக்க வேண்டும்.

படிவத்தில் லான்ட் மாஸ்டருக்கு, அதாவது பெட்டி பூட்டி ஓட்டும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு, கட்டம் இல்லை. 'ஏனையவை'யில் போடச் சொன்னார்கள். மாசியில் காலபோக (மாரிகால நெல்) அறுவடை தொடங்க, நெல் மூட்டைகளோடு லான்ட் மாஸ்டரும் பெரிய உழவு இயந்திரமும் வரத் தொடங்கின. ஏனையவை நிரம்பி, தாளின் பின்பக்கத்திலும் எழுதினேன்.

கணக்கு என்னவோ எளிதுதான். வாகனங்களின் எண்ணிக்கையை ஓடிய தூரத்தால் பெருக்கி, பிறகு கிலோமீற்றருக்கு இத்தனை கிராம் என்ற உமிழ்வுக் காரணியாலும் பெருக்க வேண்டும். அந்தக் காரணிகள் வேறு நாட்டுச் சோதனைக்கூடங்களில் பிறந்தவை. ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின் பெட்டியை இழுத்துக்கொண்டு கருப்பாய்க் கக்கிப் போவதை எந்த வரிசையில் வைப்பது? சின்ன லொறி என்று வைத்தோம். இன்றைக்கும் எனக்கு அது சம்மதமில்லை. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். வெள்ளைப் புகையும் கண்ணெரிச்சலும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் புகைக்கு எந்தப் புத்தகத்தில் காரணி தேடுவது!

என் பிழை வேறு இடத்தில் நடந்தது. ஐரோப்பாவின் கோபெர்ட் போன்ற வாகனப் புகைக் கணிப்பு முறைகளில் சராசரி வேகத்தைக் கொடுத்தால் உமிழ்வு வந்துவிடும். நகருக்குள் ஒரு கிலோமீற்றர் கடக்க ஐந்து நிமிடம், ஆகவே மணிக்கு 12 கிலோமீற்றர். அதைப் போட்டேன், விடை வந்தது, சரி என்று அனுப்பவும் தயாரானேன்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஐயா தாளை எட்டிப் பார்த்தார். "பிள்ளை, அந்த வான் பத்து நிமிசமா உதிலை நிண்டு உறுமுது. ஓடிப்போன வானுக்கும் ஒரு கோடு, நிண்ட வானுக்கும் ஒரு கோடோ?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் தெரிந்த ஓட்டோ அண்ணையின் வண்டியில் ஜீபிஎஸ் கருவியோடு ஏறினேன். நொடிக்கு ஒரு வேகம் பதிவாகும். திரையில் கோடு வாள் பல்லுப்போல ஏறி இறங்கியது. ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பூச்சியம், மீதி எல்லாம் பாய்வதும் பிரேக் பிடிப்பதும். சீராக 12இல் போகிற வண்டியும் இதுவும் சராசரியில் ஒன்றுதான்.

1999இல் ஹோசே ஹிமெனெஸ்-பலாசியோஸ் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக ஆய்வேட்டில் முன்வைத்த ஒரு சூத்திரம் அப்போதுதான் கைகொடுத்தது. வேகம், முடுக்கம், சரிவு ஆகியவற்றிலிருந்து ஒரு தொன் வாகனத்தை நகர்த்தத் தேவையான வலுவைச் சொல்லும். சமதரையில் 18 கிலோமீற்றர் வேகத்தில் சீராகப் போனால் தொன்னுக்கு 0.7 கிலோவாற்று. அதே வேகத்தில் நொடிக்கு நொடி ஒரு மீற்றர் வீதம் வேகம் கூட்டினால் 6.2. ஒன்பது மடங்கு! சூத்திரம் கார்களுக்கானது, ஓட்டோவுக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் வித்தியாசம் கண்முன் நின்றது. சரிவைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. வன்னியில் மேடு என்றால் குளக்கட்டுதானே.

ஆண்டுக்கொரு தடவை வாகன வருமான அனுமதிப் பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனையும் இந்த இடத்தில் உதவாது. பெற்றோல் வண்டியில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும், டீசலில் புகையின் கருமையும் வண்டி நிற்கும்போதுதான் அளக்கப்படுகின்றன. சனத்துக்குள் சுமையோடு இழுக்கும்போது என்ன வருகிறது என்று அது சொல்லாது.

வீதியோரம் வைத்த தூசி அளவியிலும் ஒரு பாடம் கிடைத்தது. மார்கழி, தையில் வடகீழ்ப் பருவக்காற்று இந்தியப் பக்கத்து மாசையும் கூட்டிக்கொண்டு வரும். நகருக்கு வெளியே குளத்தடியில் இன்னொரு அளவி வைத்துக் கழித்துப் பார்க்காவிட்டால் எல்லாப் பழியும் நம்முடைய பஸ்களின் தலையில் விழும்.

பிறகு படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன்: நிற்கும்போது என்ஜின் ஓடுகிறதா, இல்லையா. ஓட்டோக்காரர் பலர் நிறுத்திவிடுவார்கள். "2022இல் கியூஆரில் கிடைச்ச எண்ணெய் படிப்பிச்ச பாடம்" என்றார் அந்த அண்ணை, தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து எரிபொருள் வாங்கிய காலத்தை நினைத்து. ஏசி போட்ட வான்காரர் நிறுத்தவே மாட்டார்கள்.

கடைசி வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது கடை ஐயா சிகரெட் பெட்டி மட்டையொன்றை நீட்டினார். கோடு கோடாகக் கிழித்திருந்தார்.

"நீர் இல்லாத நேரம் நிண்டது ஏழு வான். பதிஞ்சு கொள்ளும்."