கைதட்டலும் கணக்கும்

2022இல் பிரிட்டனில் ஆட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி, பிரதமராகப் போகும் தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக்குக்கு 137 ஓட்டு, லிஸ் டிரஸ்ஸுக்கு 113. அப்புறம் முடிவு கட்சி உறுப்பினர்கள் கைக்குப் போனது. 81,326 பேர் டிரஸ்ஸுக்கு ஓட்டுப் போட்டார்கள்; அவர் ஜெயித்தார். அவருடைய வரிக்குறைப்புப் பேச்சு கேட்க இனிமையாகத்தான் இருந்தது. சரி, பணத்துக்கு எங்கே போவது? செப்டம்பர் 23இல் அந்த வரிக்குறைப்புகளோடு மினி பட்ஜெட் வந்ததும் பவுண்டு சரிந்தது, வீட்டுக்கடன் வட்டி எகிறியது. பதவியேற்ற 45ஆவது நாளில் ராஜினாமா அறிவிப்பு.

தொண்டர்களின் ஆர்வத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மழையில் நின்று நோட்டீஸ் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் ஒருவர் கோப்புகளை முழுசாகப் படிப்பாரா, மாற்றுக் கருத்தைக் காதில் வாங்குவாரா என்பது கூடவே உட்கார்ந்து வேலை பார்த்த எம்.பி.க்களுக்குத்தான் தெரியும். அன்று அந்தக் குரல் எடுபடவில்லை.