ஆண்கடலில் ஒன்று, பெண்கடலில் ஒன்று

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் கொடுத்த 50 கிராம் விஸ்கி வாசனைப் பைப் புகையிலை இரண்டு மாதமாக அலமாரியில் கிடந்தது. ஆடியில் ராமேசுவரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊருக்குப் போக வேண்டிய வேலை வந்ததும், மக்காச்சோளக் கட்டையைக் குடைந்து செய்த என் பைப்போடு அதையும் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் பைப்பைச் சுங்கான் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்.

முதல் நாள் தனுஷ்கோடி. சுற்றுலாக் கூட்டத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, தென்பக்கக் கரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். பாதி கன்னங்கரேல் என்று ஆவியில் வெந்த கேவண்டிஷ் இலை, மீதி பொன்னிற வர்ஜீனியா இலை. விரலில் பிசுபிசுவென ஒட்டியது. விஸ்கி நெடி வரும் என்று பார்த்தால் வந்தது வெனிலா மணம். யோசித்தால் அது சரிதான். அமெரிக்க பர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்கிறார்கள். அந்த வெனிலா மணம் மரத்திலிருந்து இறங்குவது. இலையில் தெளித்த மதுவில் போதை எதுவும் தங்காது, வாசம்தான் தங்கும்.

அந்த வாசமும் அன்று எனக்குக் கிடைக்கவில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. எட்டுத் தீக்குச்சி காலி. பற்றியதும் ஊதுலை மாதிரி கனன்றது. நாலு இழுப்பில் நாக்கு நுனி பச்சைமிளகாய் கடித்ததுபோல் எரிந்தது, தண்டுக்குள் களகளவென்று தண்ணீர்ச் சத்தம். விட்ட புகை மூக்குக்கு வருவதற்குள் காற்றோடு போய்விட்டது. பாதியிலேயே அணைத்து, சாம்பலைத் தகர டப்பாவில் கொட்டி மூடினேன்.

இந்தக் கரையில் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஆடியில் தெற்கே ஆண்கடல் கொந்தளிக்கும்போது வடக்கே பெண்கடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் நேர்மாறு. தனுஷ்கோடியில் ஒரு மணல்திட்டின் இரண்டு பக்கமும் இதைப் பார்க்கலாம். 1964 டிசம்பரில் ஊரையே கொண்டுபோன கடல் அது. அங்கே உட்கார்ந்து பைப் பிடிக்க வந்தது எனக்கே தப்பாகப் பட்டது.

அன்று இரவு அறையில் கொஞ்சம் இலையை எடுத்து, செய்தித்தாளில் பரப்பி ஒரு மணி நேரம் மின்விசிறிக்கடியில் வைத்தேன். வாசனைப் புகையிலை ஈரமாகத்தான் வரும். ஈரத்தோடு கொளுத்தினால் ஆவி கிளம்பி நாக்கைச் சுடும்.

காலை ஆறு மணிக்கு மண்டபத்தின் வடகரை. ஓலைக்கொட்டகை நிழல், அசையாத கடல். அடியில் இலையைச் சும்மா உதிர்த்துவிட்டேன், நடுவில் லேசாக, மேலே இன்னும் சற்று அழுத்தமாக. முதல் குச்சியில் மேல் இலை பொங்கி எழும்பியது. ஆணித்தலையால் தட்டி அமர்த்தி, மறுபடி கொளுத்தினேன். அப்புறம் அவசரமே இல்லை. புகையை வாயோடு நிறுத்தி, நெஞ்சுக்கு இறக்காமல், ஆறிய டீயை உறிஞ்சுவதுபோல் மெதுவாக இழுத்தேன். நாவில் வறுத்த வைக்கோலும் லேசான இனிப்பும்தான். விஸ்கியின் இனிப்பெல்லாம் என்னைச் சுற்றியிருந்த காற்றில் நின்றது.

பக்கத்தில் வலை முடைந்துகொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். “என்ன தம்பி, கருப்பட்டி காச்சுற வாடை அடிக்குது?”

“விஸ்கி போட்ட புகையிலைங்கய்யா.”

“சாராய வாடையே இல்லையே. சாயல்குடிப் பக்கம் பதனி காச்சுறப்ப இப்பிடித்தான் வரும்.”

அவர் சொன்ன பிறகு எனக்கும் கருப்பட்டி மணமாகவே தெரிந்தது. வெனிலாவை விடச் சரியான பெயர். அவர் சுருட்டை விட்டு ஐந்து வருசம் ஆகிறதாம், வாயில் புண் வந்து வைத்தியர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். பைப் ஆனாலும் புகையிலை புகையிலைதான், அதனால்தான் நானும் மாதம் ஒரு தடவைக்கு மேல் தொடுவதில்லை. எழுந்து காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகத் தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.

“பொட்டலத்தக் குடுங்க” என்று கை நீட்டினார். கறுப்பு இலை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கண்ணை மூடி மோந்து பார்த்தார். பிறகு இலையைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டுவிட்டு, வலை ஊசியை எடுத்துக்கொண்டார்.