ஒரு காற்புள்ளி, 47 மெயில்

செவ்வாய்க்கிழமை காலை 10:04க்கு எங்கள் ஆபீஸின் கூகுள் டாக்ஸ் டாக்குமெண்ட் ஒன்றில் ஒரு கமெண்ட் விழுந்தது: "இங்கே காற்புள்ளி வேணுமா, வேண்டாமா?" அவ்வளவுதான். மதியம் ஒரு மணிக்குள் 31 பேர் இன்பாக்ஸில் ஆளுக்கு 47 மெயில். பெருக்கினால் 1,457. இலக்கண வாத்தியார்கூடக் காற்புள்ளிக்கு இத்தனை மரியாதை கொடுத்திருக்க மாட்டார்.

அது ஆபீஸுக்குச் சாமான் வாங்குவதற்கான கொள்முதல் விதிமுறை டாக்குமெண்ட், ஆபீஸில் எல்லாரும் பட்டதுதான். அதன் நாலாம் பக்கத்தில் "பழுதான, திருப்பி அனுப்பிய பொருட்கள்" என்று ஒரு வரி. பழுதானதையே திருப்பி அனுப்பியதா, பழுதானது ஒரு கணக்கு, திருப்பி அனுப்பியது வேறொரு கணக்கா? சந்தேகம் நியாயமானது. கேட்டவர் மாடியில் உட்காரும் மேடம், எங்களுக்கு மாடி மேடம். கேட்க நினைத்தது பூர்ணிமாவிடம் மட்டும்.

பூர்ணிமா தன் பெயரை ஆங்கிலத்தில் ரெண்டு 'ஓ' போட்டு எழுதியிருந்தால் இந்தப் பதிவே கிடையாது. அவர் 'யு' போடுகிறவர். கமெண்ட்டில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட, மேடம் அட் குறியை (@) தட்டி பி, யு, ஆர் என்று மூன்று எழுத்து அடித்ததும் கீழே பட்டியல் விரிந்தது. முதலில் நின்றது பூர்ணிமா இல்லை, பர்ச்சேஸ் டீம் மொத்தத்துக்கும் உள்ள குரூப் ஐடி. மேடம் பார்க்காமலே என்டர் தட்டுகிறவர். 31 பேருக்கும் போய்விட்டது.

அப்புறம் கமெண்ட்டைத் திருத்தி குரூப் பெயரை எடுத்தார், முழுசாக அழித்தும் பார்த்தார். போன மெயில் போனதுதான். கமெண்ட்டை அழித்தால் டாக்குமெண்ட்டில் மறையும், இன்பாக்ஸில் விழுந்ததை யாரும் திரும்ப வாங்க முடியாது. அழித்த கையோடு மேடம் புதிதாக ஒரு கமெண்ட் போட்டு அதே கேள்வியைக் கேட்டார். மறுபடி பி, யு, ஆர். மறுபடி என்டர்.

இந்த அட் குறியை மெயில் முகவரிக்குள் கொண்டுவந்தவர் ரே டாம்லின்சன், 1971ல். ஆள் பெயரையும் அவர் உட்கார்ந்திருக்கும் மெஷினின் பெயரையும் பிரித்துக் காட்ட, யார் பெயரிலும் வராத குறியாகப் பார்த்து எடுத்தார். பிரிக்க வந்த குறியை இன்றைக்கு நாம் ஊரைக் கூட்ட வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை இரண்டே மெயில்தான். மீதி 45க்குக் காரணம், கணக்குப் பிரிவில் இருக்கும் எங்கள் கணக்கு அண்ணன். மெயிலைப் பார்த்ததும், "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, தயவுசெய்து அனுப்பாதீர்கள்" என்று மெயிலிலேயே ரிப்ளை அடித்தார். கூகுள் டாக்ஸின் கமெண்ட் மெயிலுக்கு ரிப்ளை அடித்தால் அது நேராக டாக்குமெண்ட்டுக்குள் போய் அந்தக் கமெண்ட்டின் அடியில் பதிலாக உட்காரும். வேலை செய்கிறவருக்கு இது பெரிய வசதி, டாக்குமெண்ட்டைத் திறக்காமலே பதில் சொல்லிவிடலாம். கோபத்தில் இருப்பவருக்கு ஒலிபெருக்கி. அண்ணன் 'அனுப்பாதீர்கள்' என்றது 31 பேருக்கும் போனது. அதைப் பார்த்த ஏழு பேர் 'என்னையும் எடுத்துடுங்க' என்றார்கள். அந்த ஏழையும் பார்த்த இன்னும் சிலர், "யாரும் ரிப்ளை பண்ணாதீங்க" என்று ரிப்ளை பண்ணினார்கள்.

பழைய வியாதிதான். 1997ல் மைக்ரோசாஃப்டுக்குள்ளேயே 'பெட்லாம் டிஎல்3' என்றொரு மெயில் பட்டியலில் ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். ஒருவர் தன்னை எடுக்கச் சொல்லி எல்லாருக்கும் எழுத, 'என்னையும், என்னையும்' என்று கிளம்பிய கூட்டத்தில் அவர்களுடைய மெயில் சர்வரே திணறியது. மெயில் சர்வர் செய்து விற்கிறவர்களுக்கே அந்தக் கதி என்றால் கணக்கு அண்ணனை என்ன சொல்ல.

நடுவில் யாரோ புண்ணியவான் 'ரிசால்வ்' அழுத்தி விவகாரத்தை மூடினார். மூடியதற்கு ஒரு மெயில். "விடை தெரியாம எப்படி மூடலாம்" என்று இன்னொருவர் திறந்தார். திறந்ததற்கு ஒரு மெயில். இப்படி நாலு முறை. ஆபீஸில் ஒரு கமெண்ட்டுக்கு மூன்று முறை டிங் என்றது வேறு கதை: போனில் மெயில் ஆப் ஒன்று, டாக்ஸ் ஆப் ஒன்று, கம்ப்யூட்டரில் பிரவுசர் ஒன்று. மூன்றுக்கும் மூன்று தனித்தனி சுவிட்ச். மெயிலை அடக்கினால் போன் அடங்காது.

சரி, அடக்குவது எப்படி? டாக்குமெண்ட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து, மேலே டூல்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸ். கமெண்ட்டுக்கு மூன்று வாய்ப்பு இருக்கும்: எல்லாம், உங்களுக்கானது மட்டும், எதுவும் வேண்டாம். அதன் கீழே, யாராவது உள்ளடக்கத்தைச் சேர்த்தாலோ நீக்கினாலோ தெரிவிக்கட்டுமா என்று தனியாக ஒரு டிக். கமெண்ட்டை அடக்கியும் மெயில் வருகிறது என்று புலம்புகிறவர்கள் அந்த டிக்கைப் பார்ப்பதே இல்லை. 'எதுவும் வேண்டாம்' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டாம், உங்கள் பெயர் சொல்லி உங்களிடம் கேட்டதும் வராது. நடுவில் இருப்பதே போதும். இன்னொன்று, இந்த மாற்றம் அந்த ஒரு டாக்குமெண்ட்டுக்கு, உங்கள் ஒருவருக்கு மட்டும். நாலு டாக்குமெண்ட் என்றால் நாலு முறை செய்ய வேண்டும். டிரைவின் செட்டிங்ஸில் இருக்கும் நோட்டிஃபிகேஷன் பக்கம் வேறு, அது மொத்தத்துக்குமானது.

கணக்கு அண்ணன் இதையெல்லாம் செய்தார். அப்புறமும் வந்தது. "உங்க கூகுளே நான் சொன்னா கேக்கல" என்றார். கூகுள் மேல் தப்பில்லை. மெயிலைத் திறந்து பெறுநர் வரியைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். அதில் அண்ணன் பெயர் இல்லை, குரூப் ஐடி இருந்தது. குரூப்புக்கு வந்ததை குரூப் பிரித்துக் கொடுக்கிறது, டாக்குமெண்ட்டுக்குள் அண்ணன் எதைத் திருகினாலும் அந்தக் குழாய் நிற்காது. குரூப்பின் பக்கத்துக்குப் போய்ச் சந்தாவை மாற்ற வேண்டும். அங்கே நாலு வகை: ஒவ்வொரு மெயிலும், 25 மெயில் வரை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு, ஒரு நாளைக்கு ஒரு முறை 150 வரைக்கும் சுருக்கம், அல்லது மெயிலே வேண்டாம். அண்ணன் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தார். அன்று மாலை மொத்தமும் ஒரே மூட்டையாக வந்தது. அதையும் முழுக்கப் படித்தார் என்பதுதான் ஆச்சரியம்.

எந்த மெயில் தொல்லைக்கும் முதல் வேலை இதுதான்: செட்டிங்ஸுக்குள் ஓடாமல், யார் அனுப்பியது, யாருக்கு வந்தது என்ற இரண்டு வரியைப் படிப்பது. அதைப் படிக்காமல் ஸ்பாம் அழுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த வாரம் உண்மையிலேயே உங்களுக்கு ஷேர் பண்ணிய பட்ஜெட் ஷீட்டும் ஸ்பாமுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், தேடி எடுக்க ஒருவரும் வர மாட்டார்கள். ஃபில்டர் போடுங்கள், அதில் 'டெலீட்' வேண்டாம். இன்பாக்ஸைத் தாண்டி ஒரு லேபிளுக்குள் போகும்படி வைத்தால் போதும். அவுட்லுக்காரர்கள் ரூல் (அங்கே ஃபில்டருக்கு அதுதான் பெயர்) போடும்போது சொந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டருக்கு நகர்த்தச் சொன்னால், அவுட்லுக் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் அந்த ரூல் ஓடும். ராத்திரி போனில் கொட்டுவது அதனால்தான்.

டீமாகச் சேர்ந்து பக்கங்கள் எழுதி வைக்கும் கான்ஃபுளூயன்ஸ் என்ற சாஃப்ட்வேரை வைத்திருக்கும் பக்கத்து டீமின் கதை இதைவிட ஜோர். அங்கே ஆட்டோவாட்ச் என்று ஒன்று. ஒரு பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அந்தப் பக்கத்துக்கு உங்களைக் காவல் வைத்துவிடும். பக்கத்தை 'வாட்ச்' செய்வதை நிறுத்தியும் மெயில் வந்தால், பெரும்பாலும் மொத்த ஸ்பேஸையும், அதாவது அந்தப் பக்கங்கள் இருக்கும் தொகுப்பையே, வாட்ச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அங்கே போய் நிறுத்த வேண்டும். ஆட்டோவாட்ச் டிக் சொந்த மெயில் செட்டிங்ஸில் இருக்கிறது, எடுத்துவிடலாம். உதவி செய்யப் போனால் ஊர்வம்பு என்பதை அவர்கள் சாஃப்ட்வேராகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

காற்புள்ளி? பூர்ணிமா மூன்று மணிக்கு எழுந்து வந்து மாடி மேடத்திடம் நேரில் சொன்னார்: "காற்புள்ளியை எடுத்துட்டு 'அல்லது'ன்னு போடுங்க மேடம்." மேடம் போட்டார், நேராகத் திருத்தாமல் திருத்தத்தை யோசனையாக மட்டும் வைக்கிற சஜெஸ்ட்டிங் மோடில். அது 48ஆவது மெயில்.

இவ்வளவு கலவரத்தில் அட்மின் பையனுக்கு வேகம் வந்து, ஆபீஸில் தானாகக் கிளம்பும் மெயில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஒழிப்பதாகக் கிளம்பினான். ஸ்டோர்ஸ் ஷீட்டில் மாட்டிக்கொண்டான். அந்த ஷீட்டுக்கு ஃபாரம் வழியாக ஒரு பதிவு வந்தால் மூன்று மெயில் போகும். ஃபாரத்தில், பதில்கள் பகுதியின் மூன்று புள்ளி மெனுவில் ஒரு டிக், அதை எடுத்தான். ஒன்று குறைந்தது. ஷீட்டில் டூல்ஸ் வழியாகப் போனால் எடிட் நோட்டிஃபிகேஷன் விதி இருக்கும்: எந்த மாற்றத்துக்கும் அல்லது ஃபாரம் வந்தால் மட்டும், உடனே அல்லது நாளுக்கு ஒரு முறை. இந்த விதியை அவரவர்தான் போட முடியும், அவரவர்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு மேசையாகப் போய் எடுக்க வைத்தான். இரண்டு குறைந்தது.

மூன்றாவது போகவில்லை. அதோடு தினமும் காலை 8:17க்கு இன்னொன்று. அனுப்புநர் இடத்தில் மெஷின் பெயர் இல்லை, மனிதர் பெயர். அப்படி இருந்தால் அது பெரும்பாலும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின், அதாவது ஷீட்டுக்குள் எழுதி வைக்கும் சின்ன புரோகிராமின் வேலை. அதைத் தானாகக் கிளப்பும் ஏற்பாடுதான் டிரிகர்; எட்டிலிருந்து ஒன்பதுக்குள் என்று டிரிகர் வைத்தால் அந்த ஒரு மணிக்குள் ஏதோ ஒரு நிமிஷத்தை அதுவே எடுத்துக்கொண்டு தினமும் அதே வாக்கில் கிளம்பும். ஷீட்டின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஸ்கிரிப்ட்டைத் திறந்து கடிகாரப் படத்தைத் தட்டினால் டிரிகர் பட்டியல் வரும். பையனுக்குக் காலியாக வந்தது. யார் டிரிகர் வைத்தாரோ அவர் கணக்கில்தான் அது ஓடும், அவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

வைத்தவர் ஸ்டோர்ஸ் பெரியவர். போன மாதம் 30ஆம் தேதியோடு ஓய்வு.

பையன் ஸ்கிரிப்ட்டை வரிவரியாகப் படித்தான். குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போன சாமானைப் பட்டியல் போட்டு ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு அனுப்புகிற 22 வரி. கடைசி வரிக்கு முந்தைய வரியில், மேற்கோள் குறிகளுக்கு நடுவே, பெரியவர் கையால் அடித்தது: "மூணாம் அலமாரி கீழ்த்தட்டு. குனிஞ்சு எடுங்க, முதுகு பத்திரம்."

"அவர் கணக்கை மூடினா தானா நின்னுடும். இன்னிக்கே மூடிடட்டுமா?" என்று பையன் கேட்டான். ஸ்டோர்ஸில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கணக்கு அண்ணன்தான், 'அனுப்பாதீர்கள்' என்ற அதே அண்ணன்தான், "ஸ்டாக் எடுக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். எந்த ஸ்டாக், எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

இன்று காலை 8:17க்கு வந்தது. போல்ட் 40, வாஷர் 12, முதுகு பத்திரம்.