சிவன் கண் கூடையும் சுந்தரியும்

டிசம்பர் 16, மார்கழி 1

நாலரை மணிக்கு அம்மா எழுப்பினாள். தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் வாசல் என்பது மூன்றடி சிமென்ட் தரை. அதிலும் பாதியில் வண்டிகள் நிற்கும். மிச்ச இடத்தில் ஏழு புள்ளிக் கோலம் போட்டு, நடுவில் சாண உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு பூசணிப்பூ செருகினேன். பூ நம் மாடியில் பூத்தது. பழைய பெயிண்ட் டப்பாவில் ஆடி மாதம் போட்ட விதை, இப்போது தண்ணீர்த் தொட்டி வரை படர்ந்துவிட்டது.

"ஆம்பளப் பூவா பாத்துப் பறி. பொம்பளப் பூவுக்கு அடியில குட்டியா காய் இருக்கும், அதுல கை வைக்காத" என்று அம்மா நேற்றே சொல்லியிருந்தாள். மூன்று பூத்திருந்தன, மூன்றுமே ஆண்பூ. தேனீக்கு இரண்டை விட்டுவிட்டு ஒன்றைப் பறித்தேன்.

இந்த வருஷம் அம்மா கோலத்துக்கு இறங்கவில்லை. முடக்குவாதம். குளிர் நாட்களில் விடிந்து இரண்டு மணி நேரம் விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து வைத்து எடுக்க வேண்டும். படியில் நின்று பார்த்துவிட்டு, "கடைசி வரிசை சாயுது" என்றாள். சாய்ந்துதான் இருந்தது.

டிசம்பர் 18

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் ஆயா இன்று கூடையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். அடி பிய்ந்திருந்தது.

"இன்னா கண்ணு, உங்கம்மாகிட்ட சொல்லி ஒரு வயர் கூட போட்டுக் குடேன். மீன் வெச்சா தண்ணி வடியணும், அவ்ளோதான்."

அம்மா கூடை போட்டு மூன்று வருஷமாகிறது. ஆயாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ போடுவா. நான் சொல்லித் தர்றேன்" என்றாள்.

எனக்குச் சாதா முடிச்சும் பிஸ்கட் முடிச்சும்தான் தெரியும். தண்ணீர் வடிய வேண்டுமென்றால் துளை விட்டுப் போடும் சிவன் கண் முடிச்சுதான் சரி என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். கூலியாகப் பொங்கல் வரை தினமும் ஒரு கை காரப்பொடி மீன், பூனைகளுக்கு. சுந்தரிக்கு வயிறு நன்றாகத் தெரிகிறது, இந்த நேரத்தில் அதற்கு அது பெரிய விஷயம். உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்துக் கொடுக்கிறேன். மாட்டுப்பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். வளர்ந்த பூனைக்கு அது செரிப்பதில்லை. போன மழையில் பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு கிண்ணம் கிண்ணமாக வைத்து, கருவாட்டுக்கு (எங்கள் கிழட்டு ஆண்பூனை) இரண்டு நாள் வயிற்றுப்போக்கு.

டிசம்பர் 19

மெட்ரோவில் நான்காவது நிறுத்தம் ஹைகோர்ட். பாரிமுனை சந்தில் பச்சை வயர் நான்கு கட்டு, மஞ்சள் இரண்டு கட்டு வாங்கி மதியத்துக்குள் வந்துவிட்டேன். 2021க்கு முன்பு இதே வேலைக்கு லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் அரை நாள் போகும்.

டிசம்பர் 21

மூன்று தடவை போட்டு மூன்று தடவை பிரித்தேன்.

காலையில் வயர் விறைப்பாக இருக்கிறது. அம்மா சொன்னபடி மாடி வெயிலில் அரை மணி நேரம் போட்டு எடுத்த பிறகுதான் வளைந்தது. அளவெடுக்க டேப் எல்லாம் கிடையாது, கையால் முழம் போட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றாள். என் முழம் அவள் முழத்தைவிட நீளம் என்பதே இன்றுதான் தெரிந்தது. அடிப்பாகத்தை நடுவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளை விட்டு மூட வேண்டும். துளை பெரிதானால் சின்ன மீன் நழுவும், சிறிதானால் தண்ணீர் தங்கி நாறும்.

தப்பு எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. முடிச்சு சரி, எண்ணிக்கை சரி, ஆனால் அடி தட்டையாக உட்காராமல் கிண்ணம் போலக் குழிந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தாள். "உன் கோவமெல்லாம் இந்தப் பக்கம் இருக்கு" என்றாள். வலது பக்கம் இறுக்கியிருக்கிறேன், இடது பக்கம் தளர்ந்திருக்கிறது. என் கைமேல் தன் கையை வைத்து இழுக்கச் சொன்னாள். அவள் விரல் கணுக்கள் வீங்கி நெல்லிக்காய் மாதிரி இருக்கின்றன. அந்தக் கையால் இழுக்க முடியாது, ஆனால் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியும். என் விரல் போதுமான அளவு இழுத்ததும் அவள் கை மெல்ல அழுத்தியது. நிறுத்தினேன். அடுத்த முடிச்சு. மறுபடி அழுத்தியது.

சாயங்காலத்துக்குள் பதினொரு கண். நான்காவது தடவை அடி தட்டையாக உட்கார்ந்தது.

டிசம்பர் 23

செடிகளின் நாள். கன்டெய்னர் லாரிகள் போகும் ரோடு பக்கத்திலேயே இருப்பதால் இலையெல்லாம் கரி. ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுப்பாகிறது. துடைக்காமல் விட்டால் செம்பருத்தி மொட்டு உதிர்க்கிறது, நான் பார்த்தவரை. அதன் கிளைக் கக்கத்தில் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு அடித்தேன்.

பனியில் மல்லி சுருங்கிவிட்டது. மார்க்கெட்டில் விலை ஏறுவதும் இதனால்தான். இந்தக் குளிரை விரும்புவது டிசம்பர் பூதான். ஊதா நிறத்தில் தொட்டி நிறைய. மணம் இல்லை என்று அதை மட்டமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு பூவும் இல்லாத மாதத்தில் தலை நிறைய வைத்துக்கொள்ளக் கிடைப்பது அது.

தொட்டியில் முளைத்த குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். கருவாடு எங்கிருந்தோ ஓடி வந்து வேரில் முகத்தைத் தேய்த்து, புரண்டு, கண் சொருகிக் கிடந்தது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு, சித்த வைத்தியத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பெயர் வைத்தவர் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

டிசம்பர் 26

ஆயா மீன் கொண்டுவரவில்லை. காசிமேட்டில் கடலுக்குப் பால் ஊற்றப் போயிருந்தார். 2004, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. அவர் தம்பி. வேறெதுவும் அவர் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

கூடை சுவர் ஏறத் தொடங்கிவிட்டது. இன்று மஞ்சள் வரிசை.

டிசம்பர் 28

இரவு சுந்தரி குட்டி போட்டது. நான் அட்டைப்பெட்டியில் பழைய புடவை விரித்து வைத்திருந்தேன். அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. மாடிப்படிக்கு அடியில், போகிக்கு எரிக்க ஒதுக்கி வைத்த கிழிந்த கோரைப்பாயின் சுருளுக்குள் போய்விட்டது. நான்கு குட்டிகள். ஒன்று மிகச் சின்னது.

டிசம்பர் 30

சின்னது காலையில் அசையவில்லை. சுந்தரி அதைச் சுருளுக்கு வெளியே தள்ளி வைத்திருந்தது. பெரிய தொட்டியில் டிசம்பர் பூவுக்கு அடியில் புதைத்தேன். கூடை எடுக்கவில்லை.

ஜனவரி 6

கண் திறந்துவிட்டன! ஒன்றுக்கு நேற்று ஒரு கண் மட்டும் பாதி திறந்திருந்தது, இன்று மூன்றுக்கும் இரண்டும். எல்லாம் சாம்பல் நீலம். கீழ்வீட்டு ஆட்டோ அண்ணாவிடம், காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் வண்டியைத் தட்டிவிட்டு எடுக்கச் சொன்னேன். குளிருக்கு எஞ்சின் பக்கம் ஏறிப் படுப்பது கருவாட்டின் பழக்கம். "தினம் தட்டிக்கினுதாம்மா கீறேன்" என்றார்.

ஜனவரி 10

கூடை உடல் முடிந்தது. கைப்பிடியில் மாட்டிக்கொண்டேன். உள்ளே வயரை மடித்து வைத்துச் சுற்றிப் பின்னும்போது திருகிக்கொள்கிறது, மீன் கனத்துக்கு இப்படி இருந்தால் ஒரு வாரத்தில் அறுந்துவிடும். மதியம் மூன்று மணி, நல்ல வெயில். அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். ஒரு கைப்பிடியில் நான்கு சுற்று அவளே பின்னினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை அதைப் பார்த்து நான் முடித்தேன். இரண்டு கைப்பிடியையும் தொட்டால் எது அவள் சுற்று என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 13

ஆயா கூடையைத் தண்ணீர்க் குழாயடியில் வைத்துத் திறந்தார். தண்ணீர் நேராகக் கீழே இறங்கியது. "தோ பாரேன்!" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். காரப்பொடியோடு இன்று நான்கு சங்கராவும்.

நாளை போகி. இந்தப் பக்கம் டயர் எரிப்பது இன்னும் முழுசாக நிற்கவில்லை, விடிகாலைப் புகையில் எதிர்வீடு தெரியாது. ஜன்னல் இடுக்குக்கு ஈரத்துணி எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இப்போதே மேளம் தட்டத் தொடங்கிவிட்டார்கள், கருவாடு பீரோ மேல். சுந்தரியையும் குட்டிகளையும் பாயோடு சேர்த்துத் தூக்கி வந்து அம்மாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

எரிக்க வேறு என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு உடைந்த முறம் மட்டும்தான் கிடைத்தது. "அது போதும். பாய் கெடக்கட்டும்" என்றாள் அம்மா.