ஒப்புக்குச் சப்பாணி

மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து அவள் முதலில் வந்துவிட்டாள். ஆறு மாதம் கழித்து நானும் பையனும் வந்து சேர்ந்தோம். இங்கிலாந்து என்றதும் நான் லண்டன் மாதிரி ஏதோ ஒன்றை நினைத்து வைத்திருந்தேன், வந்து பார்த்தால் ஹாம்ப்ஷரில் ஒரு கிராமம், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது, குளிர்காலத்தில் சாயந்திரம் நாலு மணிக்கு இருட்டிவிடும், அதற்கப்புறம் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. எனக்கு வேலை இன்னும் கிடைக்கவில்லை. காலையில் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் பேச ஆள் கிடையாது, ஆகவே பக்கத்து வீட்டுப் பெரியவரின் நாய்க்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரியவர்தான் 2023 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை வேலி மேல் எட்டிப் பார்த்து, “ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருப்பீர்கள்? ஒரு ஆள் குறைகிறது” என்றார். நான் கிரிக்கெட் ஆடுவேனா என்று கேட்கவே இல்லை. இந்தியன் என்றால் பிறக்கும்போதே மட்டையோடு வந்திருப்பான் என்று இவர்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அவருக்கு 67 வயது, இன்னும் விக்கெட் கீப்பிங் செய்கிறார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை, “சார்” என்றால் சிரிக்கிறார்.

நான் ஆடிய கிரிக்கெட் கோவில்பட்டிப் பக்கம், அறுப்பு முடிந்த கரிசல் காட்டில். ரப்பர் பந்து, கருவேலங்கம்பு மூணு, ஸ்டம்ப் கிடைக்காத நாளில் சுவரில் கரித்துண்டால் மூணு கோடு. ஐம்பது ரூபாய் பெட் மேட்ச். ஸ்டம்புக்கு நேராக வரும் பந்து காலில் பட்டால் அவுட் என்கிற எல்பி கிடையாது. ஆள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருத்தன் ஒப்புக்குச் சப்பாணி, இரண்டு பக்கமும் ஃபீல்டிங் செய்துவிட்டுக் கடைசியில் காஜி, அதாவது பேட்டிங் முறை, கிடைக்காமலே வீட்டுக்குப் போவான். சின்ன வயதில் பெரும்பாலும் அது நான்தான். தையல் போட்ட தோல் பந்தான ஸ்டிச் பந்தில் ஒரு ஓவர்கூட ஆடியதில்லை என்பதைப் பெரியவரிடம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வது!

இந்த ஊரிலிருந்து இருபது நிமிடம் காரில் போனால் ஹாம்பிள்டன். கிரிக்கெட்டின் தொட்டில் என்று அதைச் சொல்கிறார்கள். அது முழு உண்மையில்லை, அதற்கு முன்னாலேயே கென்ட், சஸ்ஸெக்ஸ் பக்கமெல்லாம் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஆனால் 1777-இல் இந்தக் கிராமத்து அணி இங்கிலாந்து அணியை ஓர் இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்திருக்கிறது. பெரியவர் சனிக்கிழமை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். மேட்டின் மேல் ஒரு மைதானம், 1908-இல் வைத்த நினைவுக்கல், சாலைக்கு இந்தப் பக்கம் பேட் அண்ட் பால் என்று ஒரு பப். அங்கே உட்கார்ந்து அவர் சொன்ன கதைகளில் எனக்குப் பிடித்தது ஸ்டம்ப் கதை. அப்போதெல்லாம் இரண்டே ஸ்டம்ப். 1775-இல் லம்பி ஸ்டீவன்ஸ் என்ற பந்து வீச்சாளர் ஹாம்பிள்டனின் ஜான் ஸ்மாலுக்குப் போட்ட பந்துகள் திரும்பத் திரும்ப இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே புகுந்து போக, அவர் அவுட்டே ஆகாமல் நின்று ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்துவிட்டார், இது அநியாயம் என்று அப்புறம்தான் நடு ஸ்டம்ப் வந்தது. சுவரில் நாங்கள் போட்ட மூன்றாவது கோட்டுக்கு இப்படியொரு பூர்வீகம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிறு மதியம் 2 மணிக்கு ஆட்டம். பக்கத்து ஊர் அணி. கிராமங்களுக்கென்றே 1972-லிருந்து ஒரு கோப்பை நடக்கிறது, இறுதிப் போட்டி லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடப்பது வழக்கம். எங்கள் ஆட்கள் அந்த ரகம் இல்லை. பதினாறு வயதுப் பையன் ஒருத்தன், இரண்டு விவசாயிகள், முட்டிக்குப் பட்டை கட்டிய நான்கு பேர், இரவல் வெள்ளைப் பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நிற்கும் நான். பந்து எல்லை தாண்டி முட்செடிக்குள் போனபோது ஆர்வக்கோளாறில் நானே கைவிட்டு எடுத்தேன். அது நம்மூர் செந்தட்டி மாதிரி ஒன்று, முழங்கை வரை தீயாய் எரிந்தது. பெரியவர் அங்கேயே முளைத்திருந்த ஏதோ ஓர் இலையைப் பறித்துக் கசக்கித் தேய்த்துவிட்டார். எரிச்சல் குறைந்ததா என்றால் தெரியாது, எல்லாரும் குறைந்திருக்கும் என்றார்கள், நானும் ஆமாம் என்றேன்.

அவர்கள் 7 விக்கெட்டுக்கு 187 அடித்து, போதும் என்று டிக்ளேர் செய்தார்கள். நாலரைக்கு டீ. முட்டை சாண்ட்விச், வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஜாம் வைத்த கேக், பெரிய கொதிகலனில் தேநீர். ஒருத்தரும் அவசரப்படவில்லை. இந்த ஆட்டத்துக்கு ஓவர் கணக்கு கிடையாது, நேரக் கணக்குதான், 6 மணிக்கு மேல் கடைசி 20 ஓவர், அதற்குள் நாங்கள் 188 எடுத்தால் வெற்றி, பத்துப் பேரும் அவுட்டானால் தோல்வி, இரண்டும் நடக்காவிட்டால் டிரா. அஞ்சு நாள் டெஸ்டுக்குத்தான் டிரா உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வில்லங்கம் அம்பயரிங்கில் வந்தது. பேட்டிங் சைடு ஆட்களே முறை வைத்து அம்பயராக நிற்க வேண்டும். எங்கள் ஊரிலும் இதே ஏற்பாடுதான், அதனால்தான் எங்கள் ஊரில் ஒரு மேட்சும் முழுதாக முடிந்ததில்லை. நான் கடைசி ஆள், ஆகவே வெள்ளைக் கோட்டை என் தலையில் மாட்டினார்கள். எங்கள் கேப்டன் நாற்பதுகளில் நின்று நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், ஸ்கோர் 131-க்கு 5. ஒரு பந்து தாழ்ந்து வந்து அவருடைய பின்னங்காலில், நடு ஸ்டம்புக்கு நேராகப் பட்டது. வீசியவன் கையை விரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பிக் கத்தினான். அவன் கேட்காமல் விட்டிருந்தால் நான் அவுட் கொடுக்க முடியாது, விதி அப்படி. கேட்டுவிட்டான். எல்பியே இல்லாத ஊரில் வளர்ந்தவன் நான், ஆனால் டிவியில் எத்தனை ஆயிரம் எல்பி பார்த்திருப்பேன்! விரல் தானாக மேலே போனது. போன பிறகுதான் நான் எந்த அணி என்பது ஞாபகம் வந்தது.

கேப்டன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். என் முறை முடிந்து பெவிலியன் கொட்டகைக்குப் போனபோது, “நடு ஸ்டம்பா?” என்றார். ஆமாம் என்றேன். “எனக்கும் அப்படித்தான் பட்டது” என்று சொல்லிவிட்டு ஒரு கப் டீ ஊற்றிக் கொடுத்தார்.

வெள்ளைக்காரன் எல்லாம் அரிச்சந்திரன் என்று எழுத வரவில்லை. எதிரணியில் ஒருத்தன் மட்டையில் பட்டுக் கீப்பர் பிடித்தும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவர்கள் ஊர் அம்பயரும் கூடவே வானத்தைப் பார்த்தார். எங்கள் விவசாயிகளில் ஒருவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மணி ஏழு தாண்டியது, வெயில் மட்டும் நம்மூர் நாலு மணி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கடைசி ஓவர் ஆரம்பிக்கும்போது 179-க்கு 8, இன்னும் 9 ரன். தகர எண்களைப் பலகையில் மாட்டும் வேலை என் பையனுக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் பந்தை எங்கள் ஆள் தூக்கி அடித்தார், பந்து வானத்தில் நிற்கும்போதே இரண்டு பேரும் ஓடிக் கிராஸ் ஆகிவிட்டார்கள், மிட் ஆனில் பிடித்துவிட்டார்கள். கிராஸ் ஆகிவிட்டதால் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன்தான் அடுத்த பந்தைச் சந்திப்பான், நான் எதிர் முனையில் வேடிக்கை பார்த்தால் போதும் என்று தெம்பாக இறங்கினேன். அம்பயராக நின்றது நம்ம பெரியவர். “2022 அக்டோபரிலிருந்து விதி மாறிவிட்டது. கேட்ச் ஆனால் கிராஸ் ஆனாலும் புது ஆள்தான் ஸ்ட்ரைக்” என்றார், தன் அணிக்கு எதிராக, தானே. எனக்குக் கேப்டன் முகத்தைப் பார்த்தபோது வராத கோபம் அப்போது வந்தது.

என் பையன் பலகையில் விக்கெட் 9 என்று மாட்டினான். அஞ்சு பந்து. மட்டையைச் சுற்றி எட்டுப் பேர் கூடி நின்றார்கள், ஒருத்தர் மூச்சு விடுவது கேட்டது. முதலாவது மட்டைக்கும் ஸ்டம்புக்கும் நடுவே எங்கோ போனது, நான் பார்க்கவில்லை. அடுத்தது தொடையில் பட்டது, இரண்டு நாள் நீலமாக இருந்தது. மூன்றாவதை ஒழுங்காகக் கட்டை போட்டேன், அந்தச் சத்தம் ரப்பர் பந்தில் வராது. நான்காவது காலில் பட்டு ஊரே கத்தியது. பெரியவர் யோசித்தார். எனக்கு அவர் விரலை மட்டும்தான் தெரிந்தது. “லெக் சைடில் போகிறது” என்று தலையாட்டினார். உண்மையிலேயே போனதா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

கடைசிப் பந்து ஃபுல் டாஸ். இடுப்புக்குக் கீழே, அல்வா மாதிரி. கரிசல் காட்டில் என்றால் பக்கத்து ஊர்க் கண்மாயில் போய் விழுந்திருக்கும். கை துறுதுறுத்தது. ஆனால் அடித்தாலும் 6, வேண்டியது 9, தவறினால் தோல்வி. மட்டையைக் கீழே நிறுத்திக் காலடியிலேயே சாய்த்துவிட்டேன். அவ்வளவுதான், எல்லாரும் வந்து கை கொடுத்தார்கள், இரண்டு அணியும் ஜெயித்த மாதிரி.

ஸ்கோர் எழுதும் அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினார். ரன் கொடுக்காத ஓவரில் விக்கெட் விழுந்தால் ரன் இல்லாத பந்துகளுக்கு வைத்த புள்ளிகளைச் சேர்த்து டபிள்யூ போட வேண்டுமாம், பென்சிலால் அழகாகப் போட்டிருந்தார், என் பெயருக்கு நேரே 0 நாட் அவுட். போட்டோ எடுத்து ஊர்ப் பையன்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். அங்கே நள்ளிரவு, ஆனாலும் உடனே பதில் வந்தது.

“0-வா? சரி மாப்ள, ஜெயிச்சது யாரு?”

டிரா என்று அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.

“அப்போ பெட் காசு யாருட்ட இருக்கு?”